எடுக்கப்படாத முடிவு

இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஊடகவியல் பாடத்திட்டத்தில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த செய்முறைப் பணிகளுள் ஒன்று சற்று விசித்திரமானது. எங்கும் இல்லாத, இனியும் வரப்போகாத ஒரு கதைப்படத்தின் டைட்டில்களையும் தொடக்கத்தையும் மட்டும் அவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. நீளம் அதிகபட்சம் 2 நிமிடம். குழுவில் 4 பேருக்கு மேல் கூடாது. படமும் ஒலியும் அவர்கள் தாமே உருவாக்கியவையாக இருக்க வேண்டும். காப்புரிமைச் சிக்கல் இல்லாத இசைக்கும் ஒலிகளுக்கும் மட்டும் விலக்கு. 100 மதிப்பெண்ணில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, எடுத்த படத்துக்கு 60, செய்த வேலையைத் தாங்களே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. எந்த வகைப் படம் என்று வாரியம் சொல்லவில்லை. ஆனாலும் குழுக்களுக்கு த்ரில்லர் மீது ஒரு தனி மோகம் இருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. நகைச்சுவைக்கு நடிக்கத் தெரிந்தவர் வேண்டும். காதல் கதைக்கு வகுப்புத் தோழர்கள் முன்னால் வெட்கத்தை விட வேண்டும். சரித்திரக் கதைக்கு உடைக்கு எங்கே போவது? த்ரில்லருக்கோ ஒரு இருண்ட நடைவழியும் அதில் மெதுவாக நடந்துவர ஒரு ஆளும் இருந்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொடக்கத்தை மட்டும் எடு என்பது கேட்பதற்குச் சுலபமான வேலை. முடிச்சைப் போட்டால் போதும், அவிழ்க்கும் பொறுப்பு இல்லை. ஒரு பெண் ஓடுகிறாள், யாரோ துரத்துகிறார்கள், ஒரு கதவு மூடுகிறது, திரை இருண்டு படத்தின் பெயர் வருகிறது. அவள் ஏன் ஓடினாள், துரத்தியது யார், கதவுக்குப் பின்னால் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் 'அது மீதிப் படத்தில் வரும்' என்று சொல்லித் தப்பிக்கலாம். மீதிப் படமே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சலுகை ஒரு பொறி என்பதுதான் என் வாதம். த்ரில்லரின் தொடக்கம் பார்வையாளரிடமிருந்து எதையோ மறைக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். மறைக்க வேண்டுமானால் முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டுமே! எதையும் தீர்மானிக்காமல் எடுத்த காட்சியில் மறைந்திருப்பது ஒன்றுமில்லை. வெறும் இருட்டுதான் இருக்கிறது, பார்ப்பவர்களும் அதைச் சில விநாடிகளில் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். நல்ல தொடக்கம் பார்வையாளர் மனதில் ஒரு துல்லியமான கேள்வியை நடுகிறது. விடை தெரிந்தவரால்தான் துல்லியமாகக் கேட்க முடியும். ஆகவே, ஒருபோதும் எடுக்கப்போகாத முடிவை நான்கு பேரும் முதலில் உட்கார்ந்து தீர்மானித்திருந்தால்தான் அந்த 2 நிமிடம் உருப்படும். பாடத்திட்டம் இதை எங்கேயும் கேட்கவில்லை. இந்தப் பணியின் கல்விப் பயன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரதான வேலைக்கு முன்பாக ஒரு முன்பயிற்சி இருந்தது. ஒரு பாத்திரம் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்காருகிறது. இருவரும் ஓரிரு வரி பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். இதற்குள் மூன்று அடிப்படைகளைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது: ஒரு ஷாட்டில் தொடங்கிய அசைவு அடுத்த ஷாட்டில் பிசிறில்லாமல் தொடர்வது, பேசுபவரையும் கேட்பவரையும் மாறி மாறிக் காட்டுவது, இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்கிற 180 டிகிரி விதி. சிறுபிள்ளை வேலை என்று நினைத்து இறங்குபவர்களை அந்தக் கதவு படுத்தி எடுத்துவிடும். வெளியே வைத்த கேமராவில் கை குமிழைப் பிடித்துத் திருப்புகிறது. கதவு நகரத் தொடங்கும் கணத்தில் வெட்டி, உள்ளே வைத்து எடுத்த ஷாட்டுக்குப் போக வேண்டும். உள் ஷாட்டைச் சில ஃபிரேம் முன்னதாகத் தொடங்கினால் கதவு இரண்டு முறை திறப்பதுபோல் இருக்கும். பிந்தித் தொடங்கினால் ஆள் தாவிக் குதித்து உள்ளே வந்ததுபோல் இருக்கும். வெளியே எடுத்தது காலையிலும் உள்ளே எடுத்தது சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும் என்றால் ஜன்னல் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். தோள்பை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறியிருக்கும். பிரிட்டனில் விநாடிக்கு 25 ஃபிரேம்; 2 நிமிடத்துக்கு 3,000. அந்த மூவாயிரத்தில் நான்கைந்து இடறினால்கூடக் கண் கண்டுபிடித்துவிடுகிறது. மற்ற வகைப் படங்களில் இது வெறும் கவனப் பிசகு. த்ரில்லரில் இதற்கு வேறு ஆபத்தும் இருக்கிறது. தோள் மாறிய பையைப் பார்வையாளர் துப்பு என்று எடுத்துக்கொள்வார்! எதற்கோ குறிப்பு வைக்கிறார்கள் என்று நம்பி அந்தப் பையின் பின்னாலேயே போவார். த்ரில்லர் பார்க்க உட்கார்ந்தவர் எதையும் தற்செயல் என்று விடுவதில்லை. அந்தச் சந்தேகப் பார்வையை அழைத்துவிட்டு, அதற்கு ஈடுகொடுக்கத் தயாராக இல்லாமல் கேமராவைத் தூக்கக் கூடாது.

வசதியில்லாத மாணவர்களுக்கு ஆசானாக ஒரே ஒரு தொடக்கத்தைக் காட்டச் சொன்னால் ஃபிரிட்ஸ் லாங்கின் 1931-ஆம் ஆண்டுப் படமான 'எம்'-ஐத்தான் சொல்வேன். பெர்லினில் ஒரு குடியிருப்பின் முற்றம். குழந்தைகள் வட்டமாக நின்று, கொலைகாரனைப் பற்றிய ஒரு பாட்டைச் சொல்லி ஆளை நீக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். மாடியிலிருந்து ஒரு பெண் அதட்டுகிறாள். துணி துவைத்துக்கொண்டே மகள் எல்ஸி பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்காகத் தாய் கடிகாரத்தைப் பார்க்கிறாள். தெருவில் எல்ஸி ஒரு தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள். தூணில் ஒட்டியிருப்பது கொலைகாரனைப் பிடித்துத் தந்தால் 10,000 மார்க் என்னும் அறிவிப்பு. அந்தத் தாளின் மேல் ஒரு நிழல் விழுந்து, அவளிடம் அன்பாகப் பேசுகிறது. பார்வையற்ற வியாபாரியிடம் பலூன் வாங்கிக்கொடுக்கும் ஆள் சீட்டியடிக்கிறான். பிறகு தாய் ஜன்னலிலிருந்து மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலின் மேல் ஆளில்லாத மாடிப்படிக்கட்டும், துணி காயும் பரணும், சாப்பாட்டு மேசையில் உணவு பரிமாறாத தட்டும் ஒவ்வொன்றாக வருகின்றன. புல்லுக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பிகளில் சிக்குகிறது. கொலை காட்டப்படவில்லை, ரத்தம் இல்லை. படம் முழுக்கவே பின்னணி இசை கிடையாது. ஒரு பந்து, ஒரு பலூன், ஒரு தட்டு, ஒரு படிக்கட்டு, ஒரு குரல் ஆகியவை எந்தப் பள்ளிக் குழுவுக்கும் எட்டக்கூடியவை. எட்டாதது அந்தச் சீட்டி. பார்வையற்ற வியாபாரி பின்னால் அந்த மெட்டைத் திரும்பக் கேட்டுத்தான் கொலைகாரன் அடையாளம் காணப்படுகிறான். தொடக்கத்தில் வெறும் பழக்கம்போலத் தோன்றும் ஒலி, முடிவை அறிந்தவர் அங்கே வைத்த ஒலி.

ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குனர் த்ரூஃபோவுக்கு அளித்த நேர்காணல்களில் சொன்ன, மேசைக்கு அடியிலுள்ள வெடிகுண்டு உதாரணம் திரைப்பட வகுப்புகளில் தேய்ந்துபோன ஒன்று. இருந்தாலும் இங்கே அது அவசியம். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் குண்டு வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்னரே தெரிந்து, சுவர்க் கடிகாரம் ஒன்றுக்குக் கால்மணி இருப்பதாகக் காட்டினால் அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடப் பதைபதைப்பாகிவிடும். மாணவர்களின் தொடக்கங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றன. பார்வையாளருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு பதற்றம் என்று நம்புகின்றன. ஒன்றுமே தெரியாதவருக்குப் பதற்றப்பட ஒன்றுமில்லை. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) முதல் ஷாட்டிலேயே குண்டின் நேரமுள்ளைத் திருப்பி வைக்கும் கைகளைக் காட்டிவிடுகிறது. அது ஒரு காரின் பின்பெட்டியில் வைக்கப்படுகிறது. ஒரு ஜோடி ஏறி ஓட்டிச் செல்கிறது. கார் மெக்ஸிகோ எல்லையை நோக்கி ஊர்ந்துபோக, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் கேமரா கூடவே போகிறது. காரிலுள்ள பெண் ஏதோ டிக்டிக்கென்று கேட்பதாகச் சொல்கிறாள். சோதனைச் சாவடியில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. யுனிவர்சல் நிறுவனம் இந்த ஷாட்டின் மேலேயே டைட்டில்களை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியது. தன் படத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று வெல்ஸ் 58 பக்கத்துக்கு எழுதிக்கொடுத்த குறிப்பை அடிப்படையாக வைத்து 1998-இல் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்தபோது, எழுத்துகள் அங்கிருந்து போயின. தெருக்கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் கசியும் இசை மட்டும் மிஞ்சியது. இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், டைட்டிலும் தொடக்கமும் ஒன்றையொன்று எப்படிச் சிதைக்கவும் முடியும் என்பது தெரியும். டைட்டிலோடு கூடிய தொடக்கத்தை எடுக்கச் சொல்லப்பட்ட மாணவனுக்கு இதைவிட நேரான பாடம் அமையாது.

டைட்டில் என்றதும் எல்லோரும் ஓடுவது டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995) படத்துக்கு. கைல் கூப்பர் வடிவமைத்த அந்த டைட்டில்களில் கீறி எழுதிய நடுங்கும் எழுத்துகள், குறிப்பேடுகளைத் தைக்கும் ஊசி நூல், கத்தரிக்கப்படும் ஃபிலிம், முகம் காட்டாத கைகள். அதிலிருந்து பிறந்த மாணவப் பிரதிகளில் கையும் கத்தரிக்கோலும் கிழிந்த செய்தித்தாளும் கட்டாயம் இருக்கும். எழுத்துகள் நடுங்கும். எதற்காக நடுங்குகின்றன என்று கேட்டால் பதில் இருக்காது. மூலத்தில் ஒரு விரல்நுனியின் தோல் சவரக் கத்தியால் சீவப்படுகிறது. முதல் தடவை பார்க்கும்போது அது வெறும் அருவருப்பு. கொலைகாரன் கைரேகை இல்லாதவன் என்பது வெகுநேரம் கழித்துத் தெரியவரும்போதுதான் அந்த ஷாட் தன் இடத்தில் உட்காருகிறது. இன்னொன்று அதைவிட அழகு. கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்க டைட்டிலில் இல்லை. படம் முடிந்த பிறகுதான் வருகிறது. அவர் பெயரைப் பார்த்துவிட்டால், அரங்கில் உட்கார்ந்திருப்பவர் அவர் எப்போது வருவார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே எழுத்துகூட வாயை மூடிக்கொள்கிறது. முடிவு என்ன என்பது டைட்டில்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாணவர் குழுவின் டைட்டில்களிலோ நான்கே பெயர்கள் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, உடை என்று சுற்றிச் சுற்றி வருகின்றன. இல்லாத ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு முத்திரைச் சின்னமும் உண்டு. அதைக் கேலி செய்வதற்கில்லை, கேட்டதே அதுதான். ஆனால் எந்தப் பெயர் எந்த ஷாட்டின் மேல் விழ வேண்டும் என்பதில் ஒரு முடிவை எடுக்கலாம். கதைக்குள் ஒருவர் இறந்துபோகிறார் என்று குழு தீர்மானித்திருந்தால், அவர் பெயர் எந்த உருவத்தோடு சேர்ந்து தோன்றுகிறது என்பது செலவில்லாமல் கிடைக்கும் ஒரு ஆயுதம்.

வசதி இல்லை என்பது நியாயமான குறை, ஆனால் அதற்கு வரம்பு உண்டு. கிறிஸ்டோபர் நோலன் 'ஃபாலோயிங்' (1998) படத்தை லண்டனில் சுமார் 6,000 டாலர் செலவில் 16 எம்எம் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். எல்லோருக்கும் வேறு வேலை இருந்ததால் வார இறுதிகளில்தான் படப்பிடிப்பு. ஃபிலிமுக்குக் காசில்லாததால் முன்பே நன்றாக ஒத்திகை பார்த்து ஓரிரு டேக்கில் முடித்தார்கள். அதன் டைட்டிலிலும் கைகள்தான் வருகின்றன: கையுறை அணிந்த கைகள் ஒரு பெட்டியிலிருந்து சொந்தப் பொருள்களை எடுத்து வைக்கின்றன. யாருடைய பெட்டி, யாருடைய கை என்பது படத்தின் கதையோடு இறுகப் பின்னியது. அங்கும் கைதான், மாணவப் படத்திலும் கைதான். காசு இரண்டையும் பிரிக்கவில்லை.

த்ரில்லரை நாடும் பள்ளிக் குழுக்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு உருவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தலைமறைப்புத் தொப்பி தைத்த ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டு முகம் தெரியாமல் நடக்கும் ஆள். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: முகம் தெரியாவிட்டால் சனிக்கிழமை கொலைகாரனாக நடித்தவன் ஞாயிற்றுக்கிழமை வராமல் போனாலும் வேறொருவனுக்கு அதே ஹூடியை மாட்டிவிடலாம். அசல் தயாரிப்பாளர்களே மெச்சக்கூடிய சிக்கனம். ஆனால் பிரிட்டனில் ஹூடிக்கு வேறு ஒரு வரலாறும் இருக்கிறது. கெண்ட் மாவட்டத்தின் புளூவாட்டர் வணிக வளாகம் 2005 மே மாதம் ஹூடி மறைப்போடு உள்ளே வருவதைத் தடைசெய்தது. அரசியல்வாதிகளும் நாளிதழ்களும் அதைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். தெருமுனையில் கூடி நிற்கும் இளையவர்களைப் பெரியவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு அந்த உடையே குறியானது. சில ஆண்டுகளுக்குள் அதே வயதுப் பிள்ளைகள், தங்கள் கையில் கேமரா கிடைத்தபோது, அச்சத்தின் உருவம் எது என்று யோசித்துவிட்டு அதே உடையைத் தாங்களே எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஊரார் தங்களைப் பார்த்துப் பயந்த பயத்தை அவர்கள் தங்கள் சொந்தப் பயமாக நடித்துக்காட்டினார்கள். மதிப்பீட்டுக் கேள்விகளில் ஒன்று, உங்கள் படம் குறிப்பிட்ட சமூகக் குழுக்களை எவ்வாறு சித்தரிக்கிறது என்று கேட்டது. படத்தை முடித்த பிறகு எழுதும் விடையாக அது வைக்கப்பட்டிருந்தது பெரிய துரதிர்ஷ்டம். ஹூடிக்குள் இருப்பவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை, என்ன வேண்டி வருகிறார் என்பது எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தால் பாதிக் குழுக்களாவது அந்த உடையைக் கழற்றி வைத்திருப்பார்கள். துரத்தப்படுபவர் எப்போதும் பெண்ணாகவே இருப்பதற்கும் இதே விடைதான். யார் என்று யோசிக்காதபோது வழக்கமே வந்து நடிகர்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. தொடக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்வது கதைசொல்லலைக் கற்பிக்கவில்லை, சரக்குக்கு உறை போடத்தான் கற்பிக்கிறது என்பது அது. எந்த விநியோகஸ்தர் வாங்குவார், யார் பார்ப்பார்கள், அவர்களை எப்படி ஈர்த்தீர்கள் என்று மதிப்பீட்டுக் கேள்விகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் இந்த ஐயம் எழாமல் இருக்காது. ஜோயல், ஈதன் கோயன் சகோதரர்கள் 'பிளட் சிம்பிள்' (1984) படத்துக்கு முதலில் எடுத்தது ஒரு டிரெய்லர்தான். இல்லாத படத்துக்கு டிரெய்லர் எடுத்து, அதைப் போட்டுக்காட்டித்தான் முதலீட்டைத் திரட்டினார்கள். சந்தையின் தர்க்கத்தில் முதல் 2 நிமிடம் என்பது கடனுக்கு நீட்டும் பத்திரம். பாடத்திட்டம் அந்தத் தர்க்கத்திலிருந்து முளைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கோயன் சகோதரர்கள் அந்தப் பத்திரத்தை நீட்டியபோது அவர்களிடம் திரைக்கதை இருந்தது. நான் கேட்பதும் அதுவே. முழுப்படம் எடுக்காமலே முழுக்கதையை வைத்திருக்க முடியும்.

அப்படியானால் முழுக் குறும்படத்தையே எடுக்கச் சொல்லிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. தமிழ் வாசகருக்கு இது இயல்பாகவே எழும். நம்மிடம் இளையவர்கள் சினிமாவுக்குள் நுழைந்த வழி குறும்படம்தான். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துக்காட்டியவர்கள்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும். அந்த வடிவத்தின் வலிமையும் நோயும் ஒரே இடத்தில் இருக்கின்றன: எல்லாமே கடைசி அரை நிமிடத் திருப்பத்துக்காகக் காத்துக்கிடக்கும். முடிவு கையில் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு முந்தைய ஒவ்வொரு ஷாட்டும் அந்தத் திருப்பத்தின் எடுபிடியாகிவிடுகிறது. திருப்பம் தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்கச் சகிப்பதில்லை. தொடக்கம் மட்டும் என்கிற கட்டுப்பாடு இந்த ஒரு நோயிலிருந்து காப்பாற்றுகிறது. திருப்பத்தைக் காட்ட இடமே இல்லாததால், முடிவைப் பற்றிய அறிவு முழுவதும் எதைக் காட்டுவது, எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு நேரம் என்பதற்குள் கரைந்தாக வேண்டியிருக்கிறது. 'சைக்கோ' (1960) தன் முதல் ஷாட்டுகளின் மேல் ஊர், கிழமை, தேதி, மணி 2.43 என்று எழுதிக்காட்டுகிறது. கொலை இல்லை, கத்தி இல்லை. மதிய இடைவேளையில் ஒரு மலிவு விடுதி அறையில் பணக் கஷ்டத்தால் திருமணம் செய்ய முடியாத இருவர். நிமிடக் கணக்கு வரைக்கும் எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்கவைப்பதோடு சரி. அன்றைக்கு மதியம் அந்தப் பெண் அலுவலகம் திரும்புவாள், அங்கே 40,000 டாலர் ரொக்கம் அவள் கைக்கு வரும் என்பது படத்துக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

கொலையிலேயே தொடங்கினால் எல்லாவற்றையும் முதலிலேயே செலவழித்ததாகாதா? ஆகும், எடுப்பவருக்கு முடிவு தெரியாவிட்டால். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) துப்பாக்கிச் சத்தத்தோடு, நாயகனான சிவாஜி கணேசன் சாவதோடு தொடங்குகிறது. பாட்டே இல்லாத படம், நட்சத்திரம் முதல் காட்சியிலேயே விழுந்துவிடுகிறார். 1943 அக்டோபரில் சென்னையின் மேல் ஜப்பானிய விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் என்று காலமும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இறந்தவர் யார் என்பதைத்தான் படம் பிறகு ஒவ்வொருவர் வாயாலும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. தேசபக்தரா, துரோகியா என்பது தெரிந்தவரே அந்த முதல் காட்சியில் அவர் முகத்தில் இருக்கும் தவிப்பை எவ்வளவு காட்டலாம் என்று அளந்திருக்க முடியும்.

படத்தை முடித்த பின் எழுத வேண்டிய ஏழு கேள்விகளில் முதலாவது, உங்கள் படைப்பு உண்மையான ஊடகப் படைப்புகளின் மரபுகளை எங்கே பயன்படுத்துகிறது, வளர்க்கிறது, அல்லது மீறுகிறது என்பது. நல்ல கேள்வி, மதிப்பெண் திட்டமாக மாறியதும் கெட்டுப்போனது. மரபு என்பது சேகரித்து ஒட்டும் பொருளாயிற்று: மங்கிய நீல நிறம் இருக்கிறது, சாய்ந்த கேமரா இருக்கிறது, கீழிருந்து மேல் நோக்கிய ஷாட் இருக்கிறது, கூர்மையான வயலின் இருக்கிறது; எனவே இது த்ரில்லர். நிறமும் சாய்வும் விளைவுகள். ஏன் சாய்த்தீர்கள் என்ற கேள்விக்கு 'த்ரில்லரில் அப்படித்தான் செய்வார்கள்' என்பதைவிட ஒரு படி மேலான விடை வேண்டுமானால், அந்தக் கணத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பது சொல்லப்பட வேண்டும். பாத்திரத்துக்குத் தெரிந்து பார்வையாளருக்குத் தெரியாதது எது, பார்வையாளருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதது எது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் இரண்டு பத்தி எழுதிவைத்தால் ஸ்டோரிபோர்டே வேறு மாதிரி ஆகிவிடும். இது முதல் 20 மதிப்பெண்ணுக்குள் வர வேண்டிய வேலை. கடைசி 20-க்குத் தள்ளப்பட்டதால் நடந்ததை நியாயப்படுத்தும் உரையாக ஒடுங்கிவிட்டது.

மிஞ்சியிருப்பது குழு. நான்கு பேர் சேர்ந்தால் ஒருவன் யோசிப்பான், ஒருத்தி எடிட் செய்வாள், ஒருவர் நடிப்பார், ஒருவர் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு வருவார் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த குறை. 2008-ஆம் ஆண்டின் அந்தத் திட்டத்திலும் மதிப்பெண் தனித்தனியாகத்தான் போடப்பட்டது. யார் எதைச் செய்தார் என்பதை ஆசிரியர் காரணம் காட்டி எழுத வேண்டியிருந்தது. 2017-இலிருந்து இங்கிலாந்தில் கற்பிக்கப்படும் புதிய ஏ-லெவல் பாடத்திட்டம் இந்தத் தலைவலியை ஒரே வெட்டாக வெட்டியது: மதிப்பிடப்படும் படைப்பு ஒருவருடையதாகவே இருக்க வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்கிறபடி நடிக்கலாம், விளக்கையோ கேமராவையோ இயக்கலாம், அவ்வளவுதான். நியாயம் என்ற கோணத்தில் இதை எதிர்ப்பது கடினம். ஆனால் த்ரில்லரைப் பொறுத்தவரை இழப்பு பெரிது. தனியாக எடுப்பவருக்கு எல்லாமே தெரியும்; தனக்குத் தெரிந்தது பார்ப்பவருக்கு எட்டுகிறதா என்று சோதிக்க, எதிர்த்துப் பேச உரிமையுள்ள ஆள் பக்கத்தில் இல்லை. விளக்குப் பிடிக்க வந்த நண்பன் கேள்வி கேட்டால் கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் விடலாம். குழுவில் ஒருவன் இந்த ஷாட்டோடு எல்லாம் தெரிந்துபோகிறது என்கிறான், இன்னொருத்தி ஒன்றுமே புரியவில்லை என்கிறாள். அந்தச் சண்டைதான் பாடம். அது நடக்காத குழுக்கள் நிறைய இருந்திருக்கும். அதற்கு மருந்து குழுவைக் கலைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன்பு நான்கு பேரையும் தனித்தனியே உட்காரவைத்து, எடுக்கப்போகாத அந்த முடிவை ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லலாம். நான்கு பக்கங்களும் ஒத்துப்போகும்வரை படப்பிடிப்பு இல்லை. ஒத்துப்போன பிறகு, முடிவைக் கேள்விப்படாத இன்னொரு குழுவுக்கு ரஃப் கட்டைப் போட்டுக்காட்டி, அவர்கள் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கங்களை வைத்தே தனி மதிப்பெண்ணும் போடலாம். ட்ரைபாடை மட்டும் தூக்கியவர் யார் என்பது அதில் தெரிந்துவிடும். தூக்கிக்கொண்டே கதையையும் யோசித்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.